ஓட்டை ஹெட்போனும் எங்கட மருமகனும்

வா மருமகன், அந்த வாங்குல குந்து. போன என்ட மூஞ்சிக்கு நேரே நீட்டாத, படத்தப் பார்த்திட்டன். பின்பக்கம் முழுக்கக் கம்பிவலை, உள்ளுக்க இரிக்கிற சாமான் வெளியால தெரியிது. மூடி இல்லாத ஹெட்போனுக்கு மூடி உள்ளத விடக் கூடச் சல்லி கேக்கிறானுகள், நீயும் குடுக்கப் போறாய். கெட்டிக்காரன்தான். ஒன்ட வாப்பாவும் இப்பிடித்தான், கதவு கழண்ட வேன் ஒண்ட வாங்கிட்டு "காத்து நல்லா வரும்" எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாரு.

வாங்க வேணாம் எண்டு நான் சொல்லல்ல. சவளக்கடையில ரேடியோ திருத்தின கை இது. கலியாண ஊடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டிக் கட்டி, மரத்துல ஏறி இறங்கியே முழங்கால் தேஞ்சு போச்சி. சொன்னா நீ கேக்க மாட்டாய், தெரியும். ஆனா பொறகு "மாமா ஒண்டும் சொல்லல்ல" எண்டு ஒங்க உம்மாக்கிட்டப் போய் அழக் கூடாது பாரு, அதுக்குத்தான் சொல்றன்.

முதல்ல, இது என்னமோ நேத்து வந்த புதுச் சாமான் எண்டு நெஞ்ச நிமித்தாத. ஜேர்மனியில சென்ஹைசர் எண்ட கொம்பனி 1968ல எச்.டி. 414 எண்டு ஒண்ட வெளியால விட்டது. மஞ்சள் பஞ்சு வெச்சது. அதுக்கு முதல் வந்ததெல்லாம் காதை இறுக்கி அடைக்கிற பாரச் சாமான். இது திறந்தது, இலேசு. அந்த ஒரு மாடல் மட்டும் ஒரு கோடிக்கு மேல வித்திச்சி. மறுகா 1979ல சொனிக்காரன் வோக்மன விட்டானே, அதோட வந்த சின்ன ஹெட்போனும் பஞ்சு வெச்ச திறந்த வகைதான். 80களில சவூதிக்கும் குவைத்துக்கும் போன நம்மட ஆக்கள் சூட்கேசுக்குள்ள வெச்சுக் கொண்டு வந்தது அந்தச் சாமானைத்தான். கல்முனை பஸ்ஸுல ஒருத்தன் அத மாட்டிக்கிட்டிருந்தா, பின் சீட்டுல இரிக்கிறவனுக்கும் நாகூர் ஹனிபா இலவசம். கண்டக்டர் கூட மிச்சச் சல்லி எண்ணுறத நிப்பாட்டிட்டுக் காதைக் குடுப்பான். ஊர் முழுக்க அதைக் கேட்டு வளந்திட்டு, இப்ப "ஓப்பன் பேக்" எண்டு இங்கிலீசுல ஒருத்தன் சொன்ன உடன புதையல் கண்டவன் கணக்கா ஓடி வாறாய்.

ஏன் அதைத் திறந்து விட்டிரிக்காங்க எண்டு ஆரையும் கேட்டியா? கேட்டிரிக்க மாட்டாய், கலரை மட்டும்தான் பார்த்திருப்பாய். உள்ளுக்க ஒரு மெல்லிய சவ்வு இரிக்கி. அது முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும். முன்னுக்குப் போற சத்தம் ஒன்ட காதுக்கு. அதே அளவு சத்தம் பின்பக்கமும் போகும், அதுக்கு என்ன செய்றது எண்டதுதான் பிரச்சின. மூடின ஹெட்போன்ல அது கோப்பைக்குள்ள முட்டித் திரும்பி, அந்தச் சவ்வுக்கு ஊடாகவே கொஞ்சம் பிந்திக் காதுக்கு வந்து சேரும். அடக்கிறதுக்கு உள்ளுக்கப் பஞ்சு அடைப்பாங்க, முழுசா அடங்காது. திறந்ததுல பின்சத்தம் வந்த வழியால வெளியால போயிடும். அதாலதான் பாட்டு மண்டைக்குள்ள அடைஞ்சு கிடக்காம கொஞ்சம் விலகி நிண்டு கேக்கும். வயலின்காரன் எந்தப் பக்கம், தபேலாக்காரன் எந்தப் பக்கம் எண்டு கையால காட்டலாம்.

காதும் வேகாது. இத நீ சின்ன விசயம் எண்டு நினைக்காத. நம்மட கடற்காத்துக்கும் வேர்வைக்கும் அந்தச் செயற்கைத் தோல் உறை நிண்டு பிடிக்காது. பொருமி, உரிஞ்சு, கறுப்புத் துகளாக் கொட்டும். வெள்ளத் தொப்பியைப் போட்டுக்கிட்டு ஜும்ஆவுக்குப் போனா, காதுக்கு மேல கறுப்பு வளையத்தோட நிப்பாய். துணி உறையோ பஞ்சோ வெச்சதுதான் நமக்குத் தோது. திறந்த ஹெட்போன்ல அனேகமா அதுதான் வரும்.

இனி நட்டக் கணக்கு. ஆழமான அடி குறையும். மூடின கோப்பைக்குள்ள காத்து அடைபட்டு நிக்கிறதாலதான் அந்த அடி காதை அமுக்கும். காத்துக்கு வழி விட்டா அமுக்கம் எங்கால வரும்? றபான் அடிச்சா விரல் தோல்ல பட்ட இடம், தோல் இழுத்துக் கட்டின இறுக்கம் எல்லாம் துலாம்பரமாக் கேக்கும், நெஞ்சுல விழுற "தும்" மட்டும் வராது. ஒனக்கு அந்தத் தும்முதான் வேணும் எண்டா, த்ரீவீலுக்குப் பின்னால பெட்டி கட்டிச் சாமத்துல ஊரை எழுப்புற பொடியன்மாரோட போய்ச் சேரு. அவனுகளுக்கும் ஒரு ஆள் குறைவாம்.

இப்ப உள்ளதைக் கேளு. நீ எங்க இருந்து பாட்டுக் கேக்கப் போறாய்? பொண்டாட்டி ஊட்டுல. மருதமுனையில. சீதன ஊடு, தளம் போட்ட ஊடு, நான் குறை சொல்லல்ல. ஆனா பக்கத்து வளவுல கைத்தறி. விடிஞ்சா நாடா ஓடுற சத்தம், பலகை வந்து அடிக்கிற சத்தம். ஒன்ட ஹெட்போன்ல சத்தம் வெளியால போறதுக்கு விட்ட ஓட்டை இரிக்கே, வெளிச்சத்தம் உள்ளுக்க வாறதுக்கும் அதுதான் பாதை. நீ இளையராஜாவப் போட, அவன் அந்தத் தாளத்துலயே சாரன் நெய்வான். நீ வொலியூமைக் கூட்டுவாய். அவன் குறைக்க மாட்டான், அவனுக்கு அது சோறு. நீ இன்னும் கொஞ்சம் கூட்டுவாய்.

அங்கதான் காது போற வழி. உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வெச்சிரிக்கி. 80 டெசிபல்ல கிழமைக்கு 40 மணித்தியாலம் கேக்கலாம். 90க்கு ஏத்தினா 4 மணித்தியாலம். பத்து கூட்டினதுக்கு நேரம் பத்துல ஒண்டாப் போச்சி. சத்தமான இடத்துல திறந்த ஹெட்போன் போடுறவன் எல்லாரும் இந்தக் கணக்குல கடன்காரன். வெளியில சத்தம் இரிக்கிற ஊட்டுக்கு மூடினதுதான் சரி, அல்லது காதுக்குள்ள செருகுற சின்னது. விலையும் குறைவு. ஆனா அது சொன்னா நீ மூஞ்சியத் தூக்குவாய்.

மற்றது மாமி. அவ முற்றத்துல மீன் வெட்டிக்கிட்டிருப்பா. "பயான் கேக்கிறன் மாமி" எண்டு சொல்லிட்டு நீ போடுற பாட்டு என்ன பாட்டு எண்டு அவவுக்குப் பல்லவியில இருந்து வெளங்கும். மீனை இன்னும் கொஞ்சம் பலமா வெட்டுவா. கூப்பிட்டது கேக்கல்ல எண்டு சொல்லவும் ஏலா. பாங்கு கேக்கல்ல எண்டும் சொல்ல ஏலா. எல்லாம் கேக்கும். மார்க்கத்துக்கு உகந்த ஹெட்போன் எண்டு வேணுமெண்டாச் சொல்லு.

அப்ப எங்கதான் கேக்கிற? நம்மட வட்டைக்கு வா. ராவுல வாடியில குந்தினா தவளையையும் வாய்க்கால் தண்ணியையும் தவிர ஒண்டும் இல்ல. திறந்த ஹெட்போனுக்கு அத விட நல்ல இடம் இந்த மாவட்டத்துல கிடையாது. பெரும்போகம் விளையிற காலத்துல யானை வரும், தெரியும்தானே. மூடின ஹெட்போனைப் போட்டுக்கிட்டுக் காவல் இருந்தா யானைக்கு விருந்து, ஒனக்கு மையத்துத் தொழுகை. திறந்தது எண்டா யானை நெற்கதிரை உருவுற சத்தம் பாட்டுக்கு நடுவுலயும் கேக்கும். கேட்ட உடன ஓடலாம், இல்லாட்டி வெடிய எடுத்துப் போடலாம். எனக்கும் கூலி கேக்காத காவல்காரன் ஒருத்தன் கிடைச்ச மாதிரி. சிரிக்காத, நான் ஒன்ட நன்மைக்குத்தான் சொல்றன்.

சரி, சாமானுக்கு வருவம். நீ காட்டின படத்துல 300 ஓம் எண்டு போட்டிரிக்கி. பெரிய எண், பெரிய சாமான் எண்டு நினைச்சிட்டாய். கூட்டத்துல பெரிய மீசைக்காரன்தான் தலைவர் எண்டு நினைக்கிற புள்ளதானே நீ. ஓம் எண்டது கரண்டுக்குக் குடுக்கிற தடை. ஒன்ட போன் கூடிப் போனா ஒரு வோல்ட் குடுக்கும். அந்த ஒரு வோல்ட் 32 ஓம் ஹெட்போனுக்குப் போனா 31 மில்லிவாட் கிடைக்கும், 300 ஓமுக்குப் போனா 3 மில்லிவாட். அந்த 3ஐ வெச்சுக்கிட்டு ஒரு அளவுக்குப் பாட்டுக் கேக்கலாம், கொஞ்சம் நிமித்தி எடுக்க வேணும் எண்டா தனியா ஒரு அம்ப்ளிஃபயர் வேணும். 1997ல வந்த எச்.டி. 600 எண்டது உலகம் மெச்சின சாமான், அது 300 ஓம்தான். அந்த முதல் 414 இன்னும் மோசம், 2000 ஓம். அதெல்லாம் ஊட்டுல பெரிய செட் வெச்சிருந்தவனுக்குச் செஞ்சது. ஒனக்கு 60 ஓமுக்குள்ள பாரு. ஓம் மட்டும் பார்த்தும் முடிக்காத, பக்கத்துல டெசிபல் கணக்கும் எழுதியிரிக்கும். ஒரு மில்லிவாட்டுக்கு 100க்குக் கிட்ட எண்டு கண்டா போன் இழுக்கும்.

பெட்டியில மற்ற எண்ணெல்லாம் கலியாண ஊட்டு மாப்பிள்ளைப் புகழ்ச்சி. "5 ஹேர்ட்ஸ் முதல் 40,000 ஹேர்ட்ஸ்" எண்டு போட்டிருப்பான். மனுசக் காது நல்லா இரிக்கிற வயசுலயே 20ல இருந்து 20,000 மட்டும்தான். மிச்சம் வௌவாலுக்கு. "50 மில்லிமீற்றர் டிரைவர்" எண்டா உள்ளுக்க இரிக்கிற வட்டம் பெருசு, அவ்வளவுதான். "7.1 சரவுண்ட்" எண்டு கண்டா பெட்டியை வெச்சிட்டு அடுத்த கடைக்குப் போ.

கடைக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. திறந்தது வேணும் எண்டு கேட்டா, பின்பக்கம் கம்பிவலைக் கோலம் போட்ட மூடின சாமானை எடுத்து நீட்டுவான். அதுக்கு ஒரு வழி இரிக்கி. பாட்டைப் போட்டு ஹெட்போனைத் தலையில மாட்டு. ரெண்டு உள்ளங்கையாலயும் பின்பக்கத்தை நல்லா மூடு. பாட்டு அப்பிடியே இருந்தா அது வேசம், உள்ளுக்க அடைச்சிரிக்கி. மூடின உடன குரல் கம்மி, சத்தம் குடத்துக்குள்ள விழுந்தாப்போல ஆகி, கையை எடுத்த உடன திரும்பி வந்தா அதுதான் திறந்தது. கடைக்காரன் ஒன்ட மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நிப்பான். நீ ஒண்டும் சொல்லாத, தலையை மட்டும் ஆட்டு. விலை கொஞ்சம் இறங்கும். பாதி திறந்தது எண்டும் ஒரு வகை இரிக்கி, கையை வெச்சா அதுலயும் மாத்தம் தெரியும், கொஞ்சம் குறைவா.

மறுகா ஒனக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு ரெண்டு மூண்டு கொண்டு போ. கடைக்காரன் போடுற பாட்டுல எல்லா ஹெட்போனும் நல்லாத்தான் கேக்கும், அதுக்கெண்டே வெச்சிருப்பான். பாடுறவர் "ச" எண்டு சொல்ற இடத்துல காதுல ஊசி ஏறினா விட்டிடு, அரை மணித்தியாலத்துல தலையிடி வரும். தொப்பியோட மாட்டிப் பாரு, கண்ணாடியோட மாட்டிப் பாரு. நல்ல ஹெட்போன் தலையில இரிக்கிறது மறந்து போகணும்.

இன்னொண்டு. ஒன்ட போன்ல கிடக்கிற பாட்டுல பாதி டி.எம்.எஸ்., சுசீலா பாடின அந்தக் காலத்துப் பாட்டு. நல்ல ருசி, நான் குறை சொல்லல்ல, அது நான் பழக்கின ருசி. ஆனா அதெல்லாம் மோனோவில பதிஞ்சது. ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம் போகும், குரல் நடு மண்டையில நிக்கும். எத்தனை ஆயிரம் குடுத்தாலும் அது பக்கத்துல விரியாது. 1978ல வந்த "ப்ரியா" படத்துப் பாட்டுகள் ஸ்டீரியோவில பதிஞ்சவை, அதுல இருந்து போட்டுப் பாரு, வித்தியாசம் தெரியும். "ரோஜா"வும் அதுக்குப் பொறகு வந்ததும் எண்டா இன்னும் நல்லம். அதுக்காகப் பழைய பாட்டைக் கைவிடாத. குரல்ட இழையும் மூச்சும் திறந்ததுல தெளிவா வரும், அது போதும். பாட்டை ஒருத்தன் ஒருத்தனுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பி அனுப்பித் தேஞ்சு போன ஃபைலை மட்டும் போடாத. நல்ல ஹெட்போன் அந்த அழுக்கைக் கூட்டித்தான் காட்டும்.

சல்லிக் கதை. 2022 பிறக்கும்போது டொலர் 200 ரூபாயச் சுத்தி நிண்டது, இப்ப 300ஐச் சுத்தி நிக்கிது. அமெரிக்க விலையை முந்நூறால பெருக்கு, அதுக்கு மேல கப்பல் கூலி, சுங்கம், கடைக்காரன்ட மகள்ட கலியாணம் எல்லாம் சேரும். கொஸ் எண்ட கொம்பனி 1984ல போட்டா புரோ எண்டு ஒண்ட விட்டது. இண்டைக்கும் அதே அச்சுல வருது. 60 ஓம், பஞ்சு வெச்சது, மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள போடலாம். அமெரிக்காவில 50 டொலர் பக்கம் விலை. பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஒன்ட கூட்டாளிமாரு சிரிப்பானுகள், ஆனா பாட்டுக்கு நல்ல சாமான். அதே கொம்பனிட கே.எஸ்.சி. 75 இன்னும் மலிவு, 20 டொலர் பக்கம். தலைப்பட்டி கிடையாது, ஒவ்வொரு காதுலயும் தனித்தனியாக் கொழுவணும். தொப்பிக்குத் தோது, மூக்குக்கண்ணாடிக்குக் கொஞ்சம் இடைஞ்சல்.

பெருசா, காதை முழுசாச் சுத்தி இரிக்கிறது வேணும் எண்டா ஃபிலிப்ஸ் எஸ்.எச்.பி. 9500 எண்டு ஒண்டு, 32 ஓம், போன் லேசா இழுக்கும். சின்னத் தலைக்காரனுக்கு வழுக்கும், ஒனக்கு அந்தப் பயம் இல்ல. வியன்னாவில பிறந்த ஏ.கே.ஜி. கொம்பனிட கே 240 ஸ்டூடியோ பாதி திறந்தது, 55 ஓம், பாட்டுப் பதியிற இடங்கள்ல நெடுங்காலமாப் பாவிக்கிறது. அத மாதிரிச் செஞ்ச தாய்வான்காரன்ட சுப்பர்லக்ஸ் அதை விட மலிவு, மேல் சுருதி கொஞ்சம் கூர். புரூக்ளின்ல செய்ற கிராடோ எஸ்.ஆர். 60 எக்ஸ் வெளியால வரக்குள்ள 99 டொலர், கித்தாருக்கும் குரலுக்கும் உசாரான சாமான், வெளியால சிந்துற சத்தமும் அதுக்கேத்த உசார்தான். இதுக்கு மேல போனா ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைக்கிற சுகம் குறைஞ்சு குறைஞ்சு வரும். நான் கடையை மூடுற இடம் அதுதான்.

வயரைப் பாரு. நான் திருத்தின ஹெட்போனெல்லாம் செத்தது ஒரே இடத்துல, ஜாக்குக்கு மேல ரெண்டு விரல் தூரத்துல. மடிஞ்சு மடிஞ்சு உள்ளுக்கச் செம்புக் கம்பி அறும், வெளியால தோல் நல்லாத்தான் இருக்கும். ஒரு காது விட்டு விட்டுக் கேக்கும், வயரை ஆட்டினா வரும், விட்டாப் போகும். 9500லயும் 240லயும் வயரைக் கழட்டி வேற போடலாம், அது பெரிய புண்ணியம். உறையும் பஞ்சும் மாத்துறதுக்குக் கிடைக்குதா எண்டும் கேளு. ஒன்ட போன்ல ஹெட்போன் செருகுற ஓட்டை இல்லையே, அதுக்கு டைப்-சி அடாப்டர் வேணும். உள்ளுக்கச் சில்லு வெச்ச அடாப்டரா வாங்கு, வெறும் வயரா வந்தது சில போன்ல ஊமையாப் போயிடும். ஒன்ட போன்ல மாட்டிச் சத்தம் வருதா எண்டு பார்த்திட்டுத்தான் சல்லியக் குடு. கல்முனையில இல்லாட்டிக் கொழும்புக்குப் போறவன் ஆரிட்டயும் சொல்லி விடு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவும் இரிக்கி. வொரண்டித் துண்டு இல்லாம வாங்காத.

முடிவு என்ன எண்டு கேளு. அந்த 300 ஓம் படத்தை அழி. பாட்டுக் கேக்கிறதுக்கு அமைதியான இடமும் ராவுல ஒரு மணித்தியாலமும் ஒனக்கு இரிக்கி எண்டாப் போட்டா புரோவ வாங்கு, கை கடிச்சாக் கே.எஸ்.சி. 75. மிச்சம் வாற சல்லியில புள்ளைக்கு ஒரு உடுப்பு எடு, மாமியும் கொஞ்ச நாளைக்கு மீனை மெதுவா வெட்டுவா. மருதமுனை ஊட்டுல பகல்ல கேக்கிறதுதான் ஒன்ட எண்ணம் எண்டா மூடினதையே வாங்கு, என்ட நேரத்த வீணாக்காத. எதை வாங்கினாலும் மாரி பிறந்து கிட்டங்கியில தண்ணி ஏறுறதுக்கு முதல் இஞ்ச கொண்டு வா. நானும் ஒருக்கா மாட்டிப் பார்க்கணும்.